அச்சமும் பொறுப்பும்

முத்தமிழுள் ஒன்றாகிய நாடகத்தின் வழித்தோன்றலே திரைப்படம் என்பதை ஏற்போர் பலர். ஆயினும் அதே திரைப்படம் தமிழ்த்துறையின் வகுப்பறைக்குள் காலடி எடுத்து வைக்கும்போது முகம் சுளிப்போரும் பலராகவே உள்ளனர். மர்மப் படம் ஒன்றின் தொடக்கக் காட்சியை மட்டும், இரண்டு நிமிட அளவில், தாமே திட்டமிட்டுப் படமாக்கிக் காட்டுமாறு நம் இறுதியாண்டு மாணவர்க்குச் செய்முறைப் பயிற்சி ஒன்று அளித்தோம். அதனைக் கேள்வியுற்ற பெரியவர் ஒருவர், "படம் எடுக்கவா பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினோம்?" என்று நம்மிடம் கேட்டார். அவ்வினாவில் நியாயம் உண்டு. அதற்கு விடையிறுக்கும் கடமையும் நமக்கு உண்டு.

மறைப்பதா? அறிவிப்பதா?

அறுவர் கொண்ட குழுவொன்று முதலில் எழுதி வந்த திட்டத்தில் இருள் இருந்தது, அலறல் இருந்தது, கத்தி இருந்தது, குருதியும் குறைவின்றி இருந்தது. அச்சம் மட்டும் இல்லை. கதவு திறக்கிறது, பிணம் விழுகிறது. பார்ப்பவர் ஒரு கணம் திடுக்கிடுவார், மறுகணம் மறந்துவிடுவார்.

திடுக்கிடல் வேறு, பதைபதைப்பு வேறு. இவ்வேறுபாட்டை இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவுடன் நிகழ்த்திய உரையாடலில் எளிய எடுத்துக்காட்டால் விளக்கினார். அவ்வுரையாடல் 1966இல் நூலாக வெளிவந்தது. மேசையைச் சுற்றிச் சிலர் பேசிக்கொண்டிருக்கின்றனர். மேசைக்கடியில் வெடிகுண்டு இருக்கிறது. நாம் அறியாமலே அது வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை நாம் முன்னரே அறிந்துவிட்டாலோ, அவர்தம் வெற்றுப் பேச்சே நம்மை 15 நிமிடம் துடிக்க வைக்கும். ஆர்சன் வெல்ஸ் தம் 'டச் ஆஃப் ஈவில்' (1958) படத்தை இம்முறையில்தான் தொடங்கினார். காரின் பின்பெட்டியில் குண்டு வைக்கப்படுவதை முதலிலேயே காட்டிவிட்டு, மூன்று நிமிடத்திற்கும் மேலாக வெட்டின்றி நீளும் ஒரே ஷாட்டில் அக்காரை எல்லைப்புற நகரின் தெருக்களில் ஊர்ந்து செல்ல விட்டார்.

இஃது மேனாட்டார் கண்டுபிடிப்பு என்று மாணவர் மயங்கிய வேளையில், சிலப்பதிகாரத்தைத் திறக்கச் சொன்னோம். கோவலன் கொலையுண்ட செய்தியைப் பதிகமே கூறிவிடுகிறது. அதன் பின்னரும் நெஞ்சம் பதறாமல் மதுரைக் காண்டத்தைப் படித்தவர் எவரேனும் உண்டோ? மதுரைக் கோட்டையின் கொடிகள் 'வாராதே' என்று கை காட்டுவன போல் அசைகின்றன. சிலம்பு விற்கப் புறப்படும்போது திமிலுடைய ஏறு எதிரே வருகிறது. அது தீய நிமித்தம் என்பதைக் கோவலன் அறியான். நாம் அறிவோம், அவன் அறியான். இந்த இடைவெளியே பதைபதைப்பு பிறக்கும் இடம். இளங்கோவடிகளைப் பாடமாகப் பயின்ற மாணவர்க்கு ஹிட்ச்காக் அயலவர் அல்லர்.

ஒரு கிணறும் ஒரு கயிறும்

அதன்பின் அக்குழுவினர் முழுத் திட்டத்தையும் கிழித்தெறிந்து புதிதாக எழுதினர். கத்தி பிடித்த ஒரு கை, கிணற்றடியில் கிடக்கும் வடக்கயிற்றை முக்கால் பங்கு அறுத்து, அறுபட்ட இடத்தின்மேல் சேற்றைப் பூசுகிறது. முகம் தெரியவில்லை. மறுநாள் காலை. தூர் வார வந்த தொழிலாளி ஒருவர் தேநீர் அருந்துகிறார். மகளின் பள்ளிக் கட்டணம் பற்றிப் பேசுகிறார். கயிற்றை இடுப்பில் கட்டுகிறார். கைப்பிடிச் சுவரில் கால் வைக்கிறார். படத்தின் பெயர் தோன்றுகிறது. அவ்வளவே.

ஒரு சொட்டுக் குருதியும் இல்லை. ஆனால் உழைப்பு மிகுதி. ஒவ்வொரு ஷாட்டையும் முன்னரே கட்டம் கட்டமாக வரைந்தாக வேண்டும். இருவர் எதிரெதிரே நின்று பேசும்போது, ஒளிப்படக் கருவி அவர்களுக்கிடையேயுள்ள கற்பனைக் கோட்டைத் தாண்டி மறுபுறம் செல்லலாகாது. சென்றால் திரையில் இடம் வலமாகிவிடும். இதனை 180 பாகை விதி என்பர். காலை ஒளி மாறுவதற்குள் எந்த ஷாட்டை முதலில் எடுப்பது, கிணற்றுக்கு உரியவரிடம் இசைவு பெறுவது எவர், கத்தியைக் கண்டு அக்கம் பக்கத்தார் கலவரம் அடையாதிருக்க யாரிடம் முன்கூட்டிச் சொல்வது என்பன அனைத்தும் ஏட்டில் ஏறின. கருவியாகப் பயன்பட்டதோ ஒரு செல்பேசியும் இரவல் முக்காலியும்தான்.

கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எவரும் கால் வைக்கக் கூடாது என்று நாம் கண்டிப்பாகக் கூறினோம். மாணவர் முதலில் வருந்தினர். பின்னர்ச் சுவர்மீது பதியும் வெறுங்காலை அண்மையில் காட்டி, கீழே உதிரும் சிறுகல் நீரில் விழும் ஓசையை மட்டும் சேர்த்தனர். கிணற்றின் ஆழத்தை அவ்வோசையே உணர்த்திவிட்டது. ஜெர்மானிய இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங், 'எம்' (1931) படத்தின் தொடக்கத்தில் சிறுமி ஒருத்தி கொலையுண்டதைக் காட்டவே இல்லை. தாய் பெயர் சொல்லி அழைக்கிறாள். ஆளற்ற படிக்கட்டு, உண்ண ஆளில்லாத தட்டு, உருண்டு வந்து நிற்கும் பந்து, கம்பியில் சிக்கிய பலூன் ஆகியவற்றோடு காட்சி முடிகிறது. காட்டாமையின் வலிமையை மாணவர் ஒரு கிணற்றடியில் கற்றனர்.

யாரைக் கண்டு அஞ்சுவது?

இனி நாம் சொல்ல விரும்பும் முதன்மையான செய்திக்கு வருவோம். கயிற்றை அறுக்கும் ஆளுக்கு மாணவர் முதலில் கொடுத்திருந்த உருவம் யாது தெரியுமா? கறுத்த மேனி, அழுக்கேறிய கைலி, அடர்ந்த தாடி. "ஏன் இப்படி?" என்று கேட்டோம். "பார்த்தவுடன் இவன்தான் வில்லன் என்று தெரிய வேண்டுமே ஐயா!" என்றார் ஒரு மாணவர். அவருடைய தந்தையார் தாடி வைத்தவர். வீட்டில் கைலி உடுத்துபவர். கூறிய சில நொடிகளில் அம்மாணவரே தலை கவிழ்ந்தார். நாம் மேற்கொண்டு ஒன்றும் கூற வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் கதை சொல்ல வேண்டியவர் குறுக்கு வழியை நாடுவது இயல்பே. ஆனால் அக்குறுக்கு வழி நம் தந்தையரின் முகத்தின்மீதும், உழைத்துக் கறுத்தோர் முதுகின்மீதும் போடப்பட்டது என்பதை உணர்ந்தாக வேண்டும். நமக்கு இழைக்கப்படும் அநீதியை நாமே படியெடுத்து எழுதிவிடுகிறோம்! அச்சம் தோன்றும் களன்களாகத் தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கினைக் கூறினார். உடையாலோ நிறத்தாலோ ஒருவர் அஞ்சத்தக்கவர் ஆகார். அதிகாரம் உடையவரோ அவர் கூறிய நான்கினுள் ஒருவர்.

மாணவர் மீண்டும் திருத்தி எழுதினர். கயிற்றை அறுத்த கையில் பொன்னிறக் கைக்கடிகாரம் மட்டும் தெரிந்தது. காலையில் தொழிலாளியிடம் புன்னகையோடு கயிற்றை நீட்டிய வெள்ளைச் சட்டைக்காரரின் மணிக்கட்டிலும் அதே கடிகாரம் மின்னியது. குற்றவாளியை அடையாளம் காட்டியது அவருடைய செயலே.

நாம் வேண்டுவன

இத்தகைய பயிற்சி தமிழ்த்துறைக்கு உரியதே என்பது நம் துணிபு. ஆயினும் அது வெறும் பொழுதுபோக்காகிவிடாதிருக்கச் சில நெறிகள் வேண்டும். மதிப்பெண்ணில் பாதியேனும் திட்ட ஏட்டிற்கு உரியதாதல் வேண்டும். கூலிக்குப் படம்பிடிப்போரையும் விலையுயர்ந்த கருவிகளையும் தவிர்த்தல் வேண்டும். வசதியுள்ள மாணவரும் வசதியற்ற மாணவரும் ஒரே களத்தில் நிற்க அதுவே வழி. 'நம் படம் யாரை அஞ்சத்தக்கவராகக் காட்டுகிறது? ஏன்?' என்ற வினாவிற்கு ஒவ்வொரு குழுவும் நல்ல தமிழில் ஒரு பக்க விடை எழுதுதல் வேண்டும்.

துறை விழாவில் அப்படம் திரையிடப்பட்டது. தொழிலாளி சுவரில் கால் வைத்த கணத்தில் அரங்கின் பின்வரிசையிலிருந்து, "இறங்காதீங்க!" என்ற குரல் தம்மை மீறி எழுந்தது. முன்னர் நம்மை வினவிய பெரியவரும் வந்திருந்தார். முடிந்ததும் மாணவரை அழைத்து, "இரண்டு நிமிடத்தில் எங்களைப் பதற வைத்துவிட்டீர்கள். அந்த மனிதரை இனி என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டார். மாணவரிடம் உடனடி விடை இல்லை.

அவ்வினாவைத்தான் நாம் மாணவர்க்கு வீட்டுப்பாடமாக அளித்துள்ளோம். பிறரிடம் அச்சத்தை எழுப்பத் தெரிந்தவர், அவ்வச்சத்திற்குப் பொறுப்பேற்கவும் தெரிந்திருத்தல் வேண்டும். எழுதுகோலைப் பிடித்த கைக்கும், இன்று செல்பேசியை ஏந்தியுள்ள கைக்கும் இப்பொறுப்பு பொதுவானது.