வரலாறு காணாத ஊர்

ஸ்ரீவைகுண்டம் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் கள்ளபிரான் கோயிலைச் சேவித்திருப்பீர்கள். நவதிருப்பதியில் முதல் தலம். குமரகுருபரர் பிறந்த ஊர் என்று சொல்லியிருப்பார்கள். அக்கரையில் ஆதிச்சநல்லூர், 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோன கதையையும் வயிற்றெரிச்சலோடு சொல்லியிருப்பார்கள்.

எல்லாம் சரி சார். அணைக்கட்டு எப்போ கட்டினது என்று யாராவது சொன்னார்களா?

1873. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி. மற்ற ஏழும் வெள்ளைக்காரனுக்கு முந்தியவை. இதிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும்தான் கீழே இருக்கிற குளங்களுக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. நெல்லும் வாழையும் அதில்தான். நான் பி.காம். படித்தவன். ஓர் ஊரின் சரித்திரம் என்றால் எனக்கு அதன் வரவு செலவு நோட்டுதான் முதலில் ஞாபகம் வரும். இந்த ஊருக்கு வரவுப் பக்கம் முழுக்க அந்த அணைக்கட்டு.

அதை என்ன செய்து வைத்தோம்? மண்மேடும் அமலைச் செடியுமாக விட்டுவிட்டோம். 2015-ல் தூர்வாருவதற்கே பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. வாரப் போனார்கள், வண்டலை விட்டுவிட்டு மணலை அள்ளுகிறார்கள் என்று அடுத்த பஞ்சாயத்து ஆரம்பித்தது. 2020 மத்திய பட்ஜெட்டில் ஆதிச்சநல்லூருக்கு மியூசியம் அறிவித்தார்கள். ரொம்ப சந்தோஷம். அணைக்கட்டு மியூசியமா கேட்டது? மண்ணை எடு என்றது, அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் தீவாகிவிட்டது. டி.வி.யைத் திறந்தால் 'வரலாறு காணாத வெள்ளம்'! மழையின் அளவு புதுசுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெள்ளம்? 1992 நவம்பரில் இதே ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்ததே, அது எந்த ஊரில் நடந்தது? முப்பத்தோரு வருஷத்தில் மறந்துபோகிற நமக்கு மூவாயிரம் வருஷப் பெருமை ஒரு கேடா?

கோயில் கடையில் விற்கிற தலபுராணத்தில் பெருமாள் திருடனாக வந்த கதை இருக்கிறது. இருக்கட்டும், நல்ல கதை. அதற்குப் பின்னால் ஒரே ஒரு பக்கம் சேர்க்கக் கூடாதா? எந்தத் தெருவில், எந்த வாசற்படி வரை, எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது என்று? நாளைக்கு வீடு கட்டப்போகிறவனுக்கு அஸ்திவாரம் எவ்வளவு உயரம் என்றாவது தெரியும்.

அந்த வெள்ளத்தில் பாதைக்கு அடியில் ஜல்லி அரித்துப் போய், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றது. சுமார் 800 பேர். மீட்க 19-ஆம் தேதி ஆகிவிட்டது. அதுவரை பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள், தங்கள் வீட்டு அரிசியைப் போட்டு உலை வைத்தார்கள். அவர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.