புதுமைக்குத் தடை எது?

திருப்போரூரிலிருந்து பழைய மாமல்லபுரம் ரோடு வழியாகச் சென்னையை நோக்கிப் போனால், சிறுசேரியில் கணிப்பொறிக் கம்பெனிகளின் பெரிய பெரிய கட்டடங்களைக் காணலாம். இப்படிப்பட்ட இடங்களிலெல்லாம் புதியது காண வேண்டுமென்று ஓயாமல் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால், ஆயுத பூஜை வந்தால் இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற நம் நாட்டில், அந்த இயந்திரத்தைவிட மேலானதைச் செய்யும் துணிவு எங்கிருந்து வரும் என்று கேட்கிறோம்.

ஒரு ஸ்தாபனத்தில் புதிய முறை தோன்றுவது பணத்தையும் படிப்பையும் மாத்திரம் பொறுத்ததல்ல. "ஏன்?" என்று கேட்கிறவனுக்கு அங்கு இடமுண்டா, மேலே இருப்பவன் தான் சொல்லுவதைத் தானே முதலில் செய்து காட்டுகிறானா என்பவற்றையே முக்கியமாய்ப் பொறுத்ததாகும்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டியதில்லை. இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே 1929 பிப்ரவரியில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு, ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்றும், பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்றும் தீர்மானித்தது. சொத்துரிமைக்குச் சட்டம் வேண்டியிருந்தது. அது தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது. பட்டத்தை விடுவதற்கோ மனம் ஒன்றே போதும். பெரியார் 1927-லேயே தம் பட்டத்தை விட்டுவிட்டார்.

எழுத்துக் காரியமும் அப்படியே. ணை, லை, றா, னா முதலிய 13 எழுத்துக்கள் அந்நாளில் தனித்தனி உருவம் கொண்டு, கற்கும் பிள்ளைக்கும் அச்சுக் கோப்பவனுக்கும் வீண் தொல்லையாயிருந்தன. 'குடி அரசு' எந்தப் பண்டிதர் சபையின் உத்தரவுக்கும் காத்திராமல், 1935 ஜனவரியில் புதிய உருவிலேயே அச்சிடத் தொடங்கிற்று. சர்க்கார் அதை ஏற்றதோ 1978-இல். இடையில் 43 வருஷங்கள்! பணமில்லாத வாரப் பத்திரிகைக்குச் சாத்தியமானது சர்க்காருக்கு ஏன் இவ்வளவு காலம் சாத்தியமாகவில்லை? பழையது என்பதாலேயே ஒன்றைப் புனிதமாக்கி வைக்கும் புத்திதான் காரணமென்போம்.

நிற்க, இது பிறருக்கு மாத்திரம் சொல்லுவதல்ல. பெரியார் சொன்னார் என்பதற்காகவே ஒன்றை ஒப்புக்கொள்ளுகிறவனும் பக்தனே. கீழே இருப்பவனை "உனக்கென்ன தெரியும்?" என்று அடக்குகிற கழகம், பெயரில் கழகமானாலும் காரியத்தில் மடமேயாகும்.

ஆகவே தோழர்கள், தத்தம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இளைஞரையும் பெண்களையும் முதலில் பேசவிட்டு, தலைவர்கள் கடைசியில் பேசும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.