கொலை நடுவே சிரிப்பு!

கொருக்குப்பேட்டையில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் சில வீடுகளில் கொரியாக்காரன் வந்துவிடுகிறான், செல்போன் திரையில்தான்! பிணம் கிடக்கிறது. துப்பறிய வந்தவன் வழுக்கி விழுகிறான். "கொலைக் கதையில் கூத்து எதற்கு?" என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

கூத்து வேண்டும்! சிரிக்கிற நேரத்தில்தான் தடயம் நம் கண்ணில் படாமல் நழுவுகிறது. பயந்துபோன பிள்ளையும் பாட்டி மடியில் உட்கார்ந்து மிச்சக் கதையைப் பார்க்கிறது.

நமக்கு இது புதிதா, என்ன? 1940-களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு, ஒரு பாங்கிக் குமாஸ்தா, அசடு. உளறிக்கொட்டியே திருடனைப் பிடித்துவிடுவார்! பிறகு டெலிவிஷனிலும் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்து சிரிக்க வைத்தார்.

இன்று நம் தொடர்களில் சதிக்கும் அழுகைக்கும் பஞ்சமில்லை. சாம்புவைத் தேடித்தான் கொரியாவுக்குப் போகவேண்டியிருக்கிறது!