கோட்டையடியில் வனபோஜனம்

பாய்மரப் படகுச் சங்கத்தார் குழந்தை குட்டிகளுடன் வனபோஜனத்துக்குக் கிளம்பினால், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹர்ஸ்ட் கோட்டையையே நாம் சிபாரிசு செய்வோம். கடலுக்குள் ஒன்றரை மைல் நீண்ட கூழாங்கல் திட்டின் நுனியில் நிற்கிறது அது. நடந்தால் கால் புதையும், படகே சுகம்.

பிரெஞ்சுக்காரருக்குப் பயந்து எட்டாம் ஹென்றி 1544-ல் கட்டி முடித்த கோட்டை. 1648 டிசம்பரில் முதலாம் சார்லஸ் மன்னரை அவருடைய பிரஜைகளே இங்கு சிறை வைத்தார்கள். மறுமாதம் அவர் சிரசு போயிற்று. (ரொட்டி மூட்டையை அவிழ்க்கும்போது குழந்தைகளுக்குச் சொல்லக்கூடிய கதைதான்!)

எதிரிக்குப் பீரங்கி வைத்தார்கள். அலைக்கு என்ன வைப்பது? 2021 பிப்ரவரியில் கடல் அடித்தளத்தை அரித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்த்த கிழக்குப் பகுதியின் சுவர் சரிந்தது. பாறைகளைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். ஆனாலும், போக நினைப்பவர்கள் அதிகம் தாமதிக்க வேண்டாமென்று நமக்குத் தோன்றுகிறது.