அபேட்சகரின் ஒழுக்கமும் ஓட்டரின் கடமையும்

எலெக்ஷன் வந்துவிட்டால் அபேட்சகர்களின் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. நேற்றுவரை எவன் எப்படிப் போனால் நமக்கென்ன என்றிருந்தவர்களெல்லாம் திடீரென்று ஒழுக்கத்தின் காவற்காரர்களாகிவிடுகிறார்கள். ஆனால் சில மாதங்கள் கழித்துப் பார்த்தாலோ, அதே அபேட்சகர் மாலையும் கழுத்துமாய் நிற்கிறார். கூப்பாடு போட்டவர்களே கைதட்டுகிறார்கள். இது எப்படி நடக்கிறது? இதில் லாபமடைவது யார், நஷ்டமடைவது யார்? அமெரிக்காவின் பிரசிடெண்டு தேர்தல்கள் சிலவற்றைக் கொண்டு இதைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

1884-ம் வருஷம் ஜூலை மாதத்தில் நியூயார்க் கவர்னரான குரோவர் கிளீவ்லண்டு என்பவரை டெமாக்ரடிக் கட்சியார் பிரசிடெண்டு பதவிக்கு நிறுத்தினார்கள். அந்த மாதம் முடிவதற்குள்ளாகவே பஃபலோ நகரத்துப் பத்திரிகையொன்று, கலியாணமாகாத இவருக்கு மரியா ஹால்பின் என்கின்ற விதவையிடம் பத்து வருஷங்களுக்கு முன் ஓர் ஆண் குழந்தை பிறந்ததென்ற சங்கதியை வெளியிட்டுவிட்டது. கட்சியார் கதிகலங்கி, என்ன செய்வதென்று கேட்டார்கள். "உண்மையைச் சொல்லுங்கள்" என்று அவர் தந்தி கொடுத்தாராம். இதை இன்றைக்கும் பெரிய நேர்மையாகப் புகழ்ந்து பேசுகிறார்கள்.

எதிர்த்து நின்ற ஜேம்ஸ் பிளெயின் மீதோ ரயில்வே கம்பெனிகளிடம் ஆதாயம் பெற்றாரென்ற புகார் இருந்தது. உடனே கிளீவ்லண்டு கட்சியார் ஒரு தர்க்கம் கண்டுபிடித்தார்கள். அதாவது, ஒருவர் வீட்டு விஷயத்தில் தவறினவர், பொதுக்காரியத்தில் யோக்கியர். மற்றவர் வீட்டில் யோக்கியர், பொதுக்காரியத்தில் தவறினவர். ஆகவே ஒருவரைப் பதவிக்கும் மற்றவரை வீட்டுக்கும் அனுப்பிவிடலாம் என்பதாகும். தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில் பிளெயினின் கூட்டத்தில் ஒரு பாதிரியார் கத்தோலிக்கரை இழிவாகப் பேசிவைத்தார். முடிவில் நியூயார்க்கில் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் கிளீவ்லண்டு ஜெயித்து, அதனாலேயே பிரசிடெண்டும் ஆனார்.

இது அவருடைய கதை. அந்தம்மாளின் கதை என்ன? குழந்தை தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு அனாதை விடுதியில் சேர்க்கப்பட்டது. தாயைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவரை நெடுநாள் வைத்திருக்கவில்லை. அவர் தம்மைப் பலவந்தம் செய்தார் என்று தேர்தலுக்கு முன்பே அந்தம்மாள் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். அதற்கு அபேட்சகர் கட்சியார் சொன்ன சமாதானமெல்லாம், அவளுக்குப் பலருடன் பழக்கம் உண்டு என்பதுதான். அமெரிக்கப் பெண்களின் ஓட்டுரிமை அரசியல் சட்டத்தில் ஏறியது 1920-ல். எனவே, அந்தப் பிரசிடெண்டு தேர்தலில் தீர்ப்புச் சொன்ன ஜூரிகளில் ஒரு பெண்கூட இல்லை! குற்றம் சாட்டப்பட்டவரும் ஆண், வக்கீலும் ஆண், ஜூரியும் ஆண் என்றால் தீர்ப்பு வேறெப்படி இருக்கும்?

நிற்க, பிற்காலத்தில் மாத்திரம் என்ன நடந்தது? 1987-ல் கேரி ஹார்ட் என்பவர் அபேட்சகர்களில் முதல் வரிசையில் நின்றார். வேண்டுமானால் தம்மைப் பின்தொடர்ந்து பார்க்கும்படி பத்திரிகைக்காரர்களுக்குச் சவாலும் விட்டார். மே மாதத்தில் மியாமிப் பத்திரிகையொன்று அவர் வீட்டைக் காவலிருந்து, ஒரு பெண்ணோடு அவருக்குச் சிநேகம் என்று எழுதிற்று. ஒரு வாரத்திற்குள் அவர் போட்டியிலிருந்து விலகினார். டிசம்பரில் திரும்பி வந்தும் பலிக்கவில்லை.

இந்தப் பாடத்தை மற்றவர்கள் நன்றாய்ப் படித்துக்கொண்டார்கள். 1992 ஜனவரியில் பில் கிளிண்டன் மீது ஜெனிஃபர் ஃபிளவர்ஸ் என்ற பெண் ஒரு பத்திரிகை வாயிலாகக் குற்றம் சொன்னார். கிளிண்டன் ஓடவில்லை. மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டெலிவிஷனில் தோன்றினார், குற்றச்சாட்டை மறுத்தார், ஆனால் தம் குடும்ப வாழ்வில் துன்பம் உண்டாக்கினதாக மாத்திரம் பொதுப்படையாய் ஒப்புக்கொண்டார். கதை பணம் கொடுத்து வாங்கினதென்று பத்திரிகையின் மேல் பழி திரும்பிற்று. பிப்ரவரியில் நியூஹாம்ப்ஷயரில் இரண்டாவதாக வந்ததையே ஜெயமென்று கொண்டாடினார்கள். நவம்பர் வருவதற்குள் அது பழைய சங்கதியாகிவிட்டது, அவரும் ஜெயித்தார்.

தோழர்களே! இதில் உள்ள வித்தையைக் கவனியுங்கள். பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குவதுபோல டெலிவிஷனில் வாங்கிக்கொள்வது ஒன்று. மனைவி மன்னித்துவிட்டாள், ஊருக்கென்ன என்பது இரண்டு. சீக்கிரம் வெளியான புகார் ஓட்டுப் போடும் நாளைக்குள் புளித்துப் போய்விடும் என்பது மூன்று. ஆறு மாதம் கழிந்ததென்பது புகாருக்குப் பதிலாகுமா? அவர் எதை மறுத்தாரோ, அதில் ஒரு பாகத்தை 1998-ல் சத்தியப் பிரமாணத்தின் மேல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்த வருஷமே, தம் மாளிகையில் வேலை பழக வந்த இளம்பெண்ணின் விஷயத்தில் பொய்ச் சத்தியம் செய்ததாகப் பார்லிமெண்டின் கீழ்ச்சபை அவர்மீது குற்றம் சாட்டிற்று. 1999-ல் மேல்சபை விடுதலை செய்தது.

வயது வந்த இருவர் மனமொத்துப் பழகுவதை எட்டிப் பார்ப்பது ஓட்டரின் வேலையென்று நாம் சொல்லவில்லை. அவ்வளவோடு நின்றால் அது அவர்கள் குடும்பத்தார் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். ஆனால் பலவந்தம் உண்டா? தமக்குக் கீழ் வேலை செய்பவளிடம் பதவியின் அதிகாரத்தைக் காட்டினாரா? பெற்ற பிள்ளையையும் தாயையும் கைவிட்டாரா? கேட்டபோது பொய் சொன்னாரா? இந்த நான்கும் சொந்த விஷயமல்ல. ஒரு பெண்ணிடம் இப்படி நடந்தவர், அதிகாரம் கைக்கு வந்தபின் ஏழையிடம் வேறு விதமாய் நடப்பார் என்பதற்கு என்ன ஜாமீன்?

இன்னொரு சோதனையும் சொல்லுகிறோம். அபேட்சகர் ஒரு பெண்ணாயிருந்து, அவள்மீது இதே புகார் வந்திருந்தால், "உண்மையைச் சொன்னாள், உத்தமி" என்று ஓட்டுப் போட்டிருப்பீர்களா? இல்லையென்றால், ஒழுக்கம் என்று நீங்கள் சொல்லுவது ஆணுக்கு ஒரு படியும் பெண்ணுக்கு ஒரு படியும் வைத்து அளக்கும் வியாபாரமேயாகும்.

ஆகவே, அடுத்த முறை ஓர் அபேட்சகர் இம்மாதிரிப் புகாரிலிருந்து தப்பி மேடையேறும்போது, அவர் எவ்வளவு சாமர்த்தியமாய்த் தப்பினார் என்று வியக்காதீர்கள். புகார் சொன்னவள் என்ன ஆனாள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்த பிறகு ஓட்டைப் பற்றி யோசிக்கலாம்.