அடிக்கிறதுக்கு முன்னாடி கடிகாரத்தைப் பாருங்க சாமிகளா!

டிஸ்கி: நாய் வளர்க்காதவங்களும் படிக்கலாம். உங்க மேல் ஃபிளாட்ல ஒண்ணு கண்டிப்பா இருக்கும் :-)

எங்க அபார்ட்மென்ட்ல (நாகர்கோவில், பார்வதிபுரம் பக்கம்) ஒன்றரை வருஷத்துல மூணு நாய்க்குட்டிங்க வந்துச்சு. மூணும் ஆறு மாச வயசு முடியறதுக்குள்ள காணாமப் போச்சு. கேட்டா மூணு வீட்டுலயும் ஒரே பதில்தான். "தோட்டத்துல கொண்டு விட்டாச்சு தம்பி." எந்தத் தோட்டம், யாரு தோட்டம்னு கேட்டா பேச்சு மாறிடும். காரணம் மட்டும் தெளிவா வரும். "ஹால் பூரா மோண்டு வைக்கு, சொன்னா படியவே மாட்டேங்கு."

அந்த மூணு குட்டிங்களுக்கும் யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கலைங்கறதை மாடிப்படியில நின்னு பார்த்தவன் நான். கிடைச்சதெல்லாம் சுருட்டின தினத்தந்தியால ரெண்டு அடி, மூக்கைப் புடிச்சு மூத்திரத்துல ஒரு தேய்ப்பு, அப்புறம் பால்கனி கம்பியில கட்டு. இதுக்குப் பேரு பழக்கறதாம். ஒருநாள் மூணாம் மாடி அண்ணாச்சிகிட்ட நேராவே கேட்டுட்டேன். அவர் விளக்கம் இது: "அதுக்க முழியப் பாத்தியளா தம்பி? தப்புப் பண்ணினது அதுக்கே தெரியும்லா!"

இந்த முழி மேட்டரைத்தான் முதல்ல உடைக்கணும்.

2009ல அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு ஆய்வாளர் 14 வளர்ப்பு நாய்களை வச்சு இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. வளர்க்கிறவர் தின்பண்டத்தைக் காட்டி, "தொடாதே"ன்னு சொல்லிட்டு அறையை விட்டு வெளிய போகணும். அவர் போனதும் சில தடவை ஆய்வாளரே அதை நாய்க்குக் கொடுத்துருவாங்க, சில தடவை எடுத்து ஒளிச்சுருவாங்க. திரும்பி வந்தவர்கிட்ட சில நேரம் உண்மையைச் சொல்றது, சில நேரம் பொய். முடிவு என்னன்னா, நம்ம ஆளுங்க சொல்ற அந்தத் திருட்டு முழி, தின்ன நாய் தின்னாத நாய்னு பார்த்து வரலை. யாருக்குத் திட்டு விழுந்துச்சோ அங்க வந்துச்சு. அதுலயும் ஒண்ணுமே பண்ணாம திட்டு வாங்கின நாய்ங்க மூஞ்சியில கூடுதலாவே வந்துச்சு! அதாவது காதை மடிச்சு, வாலை ஒடுக்கி, கண்ணைத் திருப்பிக்கிட்டு நிக்கிற குட்டி சொல்றது "தப்பு பண்ணிட்டேன்" இல்ல, "என்னைய ஒண்ணும் பண்ணிராதீங்க". ஆபீஸ்ல பில்ட் உடைஞ்சா மேனேஜர் முகத்தைப் பார்த்து நாம முழிக்கிறோமே, உடைச்சது பக்கத்து டீமா இருந்தாலும்? அதே முழிதான்.

அடி வேலை செய்யாததுக்குக் காரணம் ரொம்பச் சாதாரணம். ஒரு செயலையும் அதோட விளைவையும் நாய் முடிச்சுப் போடணும்னா ரெண்டும் ஒரு சில நொடிக்குள்ள நடக்கணும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீஸ்ல இருந்து வந்து, மத்தியானம் ரெண்டு மணிக்குப் போன மூத்திரத்தைக் காட்டி அடிச்சா அதுக்கு என்ன வெளங்கும்? "இந்த ஆளு வாசல்ல வந்தா அடி விழும்"ங்கறது வெளங்கும். சரி, கையும் களவுமா புடிச்சு அடிச்சா? அது இதைவிட மோசம். "ஹால்ல போகக் கூடாது"ன்னு அது கத்துக்காது. "மனுசன் பாக்கும்போது போகக் கூடாது"ன்னு கத்துக்கும். அப்புறம் நீங்க கீழ கூட்டிட்டுப் போயி முக்கால் மணி நேரம் நின்னாலும் அடக்கிக்கிட்டே இருக்கும், ஏன்னா நீங்கதான் பக்கத்துல நிக்கிறீங்களே. மேல வந்ததும் சோபாவுக்குப் பின்னால ஒதுங்கி வேலையை முடிச்சிரும். உடனே நம்மாளு, "பாத்தியளா, வேணும்னே பண்ணுகு!" வெளங்கிரும்.

2020ல போர்ச்சுகல்ல பயிற்சிப் பள்ளிகளுக்குப் போற 92 நாய்களை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. தண்டிச்சுப் பழக்கின நாய்ங்களுக்குப் பதற்றமான நடத்தையும் அதிகம், பயிற்சி முடிஞ்சதும் எச்சில்ல கார்ட்டிசாலும் அதிகம். கால்நடை மருத்துவர்களுக்கான அமெரிக்க விலங்கு நடத்தைச் சங்கம் 2021ல வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையில, பரிசு கொடுத்துப் பழக்குற முறையை மட்டும்தான் பரிந்துரைக்கிறோம்னு சொல்லிட்டாங்க. இங்க இன்னும் தினத்தந்தியைச் சுருட்டிக்கிட்டு இருக்கோம்.

அடுத்த வாதம் உணர்ச்சிகரமா வரும். "எங்க தாத்தா வீட்டுல நாலு நாய் நின்னுச்சி. எவன் பழக்கினான்? ஒண்ணாவது வீட்டுக்குள்ள பேண்டுச்சா?"

ஐயா, உங்க தாத்தாவுக்கு விளை இருந்துச்சு! அந்த நாய் நடைக்கு இந்தப்பக்கம் ஏறினதே கிடையாது. புறவாசல்ல இருந்து இறங்கினா தென்னை, வாழை, அதைத் தாண்டினா வயல்வரப்பு. படுக்கிற இடத்தை அசுத்தம் பண்ணாம கொஞ்சம் தள்ளிப் போயி இருக்கணும்ங்கற புத்தி குட்டிக்குப் பிறவியிலயே உண்டு. பிறந்து மூணு வாரம் வரைக்கும் தாய் நக்கிவிட்டாத்தான் அதுக்கு மூத்திரமே வரும். அதுக்கப்புறம் தானா தத்தித் தத்தி கூட்டை விட்டு வெளிய வந்து போகும். எட்டு ஒன்பது வாரத்துல, காலுக்குக் கீழ என்ன தரை இருந்தா போகலாம்னு ஒரு பழக்கம் விழுந்துரும். தாத்தா நாய்க்கு அது மண்ணு. அதைப் பழக்கினது தாத்தா இல்ல, அந்த விளைதான். இப்ப அதே குட்டியை நாலாம் மாடிக்குத் தூக்கிட்டு வந்து, மூலைக்கு மூலை ஒரே மாதிரி பளபளன்னு டைல்ஸ் போட்ட வீட்டுக்குள்ள விட்டா, எது படுக்கிற இடம், எது ஒதுங்குற இடம்னு அதுக்கு எப்படித் தெரியும்? நமக்கே புது ஆபீஸ்ல போர்டு இல்லன்னா டாய்லெட் தெரியாது.

(கூண்டுல வச்சு விக்கிற கடைக் குட்டின்னா இன்னும் பாவம். படுக்கிற இடத்துலயே போகப் பழகி வந்திருக்கும். 8 வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாதுன்னு 2017ல மத்திய அரசு விதியே போட்டிருக்கு. உள்ளங்கையில அடங்குற குட்டியைக் காட்டி "ரெண்டு மாசம் சார்"னு சொன்னா நம்பாதீங்க.)

அடுத்தது கணக்கு. இன்ஜினியரிங் படிச்ச ஊருய்யா இது, தெருவுக்கு நாலு பேரு இருக்கோம், இந்தக் கணக்கு தெரியலைன்னா எப்படி? குட்டிக்கு எத்தனை மாசமோ அதோட ஒண்ணைக் கூட்டுங்க. பகல்ல அது அடக்கக்கூடிய உச்சபட்ச மணிநேரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ரெண்டு மாசக் குட்டின்னா 3 மணி நேரம், அதுவும் தூங்கிக்கிட்டு இருந்தா. ஓடி விளையாடிக்கிட்டு இருந்தா அரைமணிக்கு ஒருக்கா போகும். காலையில 9க்குப் பூட்டிட்டுப் போயி சாயங்காலம் 6க்குத் திறக்கிறவர் 9 மணி நேரம் அடக்கச் சொல்றாரு. அது திமிரு பண்ணலைங்க, அதோட மூத்திரப்பை சின்னது. பகல் முழுக்க ஆளில்லாத வீட்டுக்கு ரெண்டு மாசக் குட்டி ஒத்துவராது. இது அறிவுரை இல்ல, வெறும் கழித்தல் கணக்கு.

ஆள் இருக்கிற வீட்டுல இது பெரிய வித்தையே இல்ல. தூங்கி எழுந்ததும், தின்னு முடிச்ச கால்மணி அரைமணிக்குள்ள, விளையாடி முடிச்சதும், ராத்திரி படுக்கும் முன்னாடி. இந்த நேரங்கள்ல நீங்களே தூக்கிட்டுப் போயி ஒரே இடத்துல விடணும். போயி முடிச்ச அந்த நொடியே, அங்கயே ஒரு துண்டு அவிச்ச கோழி. வீட்டுக்குள்ள வந்து கொடுத்தா, வீட்டுக்குள்ள வந்ததுக்குப் பரிசுன்னு நினைச்சுக்கும். ராத்திரி ஒரு தடவை அலாரம் வச்சு எழணும். எங்க வீட்டு நாட்டுக்குட்டிக்கு ரெண்டு வாரம் நேரம் குறிச்சு வச்சேன் (எக்செல்லதான், சிரிக்காதீங்க). மூணாவது வாரம் அதுவே பால்கனிக் கதவுகிட்ட போயி நின்னுச்சு.

ஏன் பால்கனி? இந்தக் கேள்வியில டாக்டர் ஒரு பக்கம் இழுப்பாரு, நேரம் ஒரு பக்கம் இழுக்கும். தடுப்பூசி 6-8 வாரத்துல ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணா 16 வாரம் வரைக்கும் போகும். அதுவரைக்கும் தெருநாய்ங்க போற மண்ணுல இறக்கினா பார்வோ வைரஸ் வரலாம். 1978ல முதல்முதலா கண்டுபிடிச்ச வைரஸ், ரத்தக்கழிச்சல்ல குட்டியை ரெண்டு மூணு நாள்லகூட கொண்டுபோயிரும், மண்ணுல மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். அதுக்காக 16 வாரம் வரைக்கும் பழக்காம விட்டா டைல்ஸே பழக்கமாயிரும். அதனால பால்கனியில ஒரு டிரே, அதுல மண்ணு இல்லன்னா புல்லு. ஊசி முடிஞ்சதும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு, அந்த மண்ணுலயே கொஞ்சத்தைக் கீழ கொண்டுபோயி போட்டா இடம் மாறிடும். வீட்டுக்குள்ள போன இடத்தை என்சைம் கிளீனர் போட்டுத் துடைக்கணும். பினாயில் வாசம் நம்ம மூக்கைத்தான் ஏமாத்தும், அது மூக்கை இல்ல. மூத்திரத்து மேல பிளீச்சிங் பவுடரைக் கொட்டாதீங்க, எரிச்சல் வாயு வரும்.

அபார்ட்மென்ட் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. "நாய் லிஃப்டில் ஏறக் கூடாது"ன்னு நோட்டீஸ் ஒட்டுறீங்க. மூணு மாசக் குட்டியை நாலு மாடி படியில இறக்கினா ரெண்டாம் மாடியிலயே போயிரும். அப்புறம் "படியெல்லாம் அசிங்கம்"னு இன்னொரு நோட்டீஸ். நாய் வளர்க்கத் தடை போடவோ, லிஃப்டை மறுக்கவோ சங்கத்துக்கு உரிமை இல்லன்னு விலங்கு நல வாரியம் 2015லயே சுற்றறிக்கை விட்டிருக்கு. செல்லப்பிராணி வளர்க்கத் தடை போடுற சங்க விதிகள் செல்லாதுன்னு 2021ல கேரள உயர் நீதிமன்றமும் சொல்லிருச்சு. கழக்கூட்டத்துல வேலை பார்த்துக்கிட்டு திருவனந்தபுரம் ஃபிளாட்ல இருக்கிற நம்ம ஊர்ப் பசங்க இதைக் குறிச்சு வச்சுக்கங்க. அதே சமயம், காம்பவுண்டு ஓரத்து மணல்ல போகவிட்டுட்டு மேல பார்த்து விசிலடிக்கிற நாய்க்கார கனவான்களே, கையில ஒரு பழைய பேப்பர் எடுத்துட்டுப் போனா கிரீடம் ஒண்ணும் இறங்கிடாது. சுருட்டி அடிக்க மட்டும் பேப்பர் கிடைக்குதுல்ல?

கடைசியா அந்தத் 'தோட்டம்'. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11. பட்டினியில தவிக்கும்னு தெரிஞ்சே ஒரு பிராணியைக் கைவிடறது குற்றம். எப்பவும் கட்டியே போட்டு வச்சு நடக்க விடாம இருக்கறதும் குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவுன்னு நினைக்கிறீங்க? 10 ரூபாய்ல இருந்து 50 ரூபாய் வரைக்கும். வடசேரி பஸ் ஸ்டாண்டுல ரெண்டு ரசவடை, ஒரு சாயா. சட்டத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போறதில்லங்கறது அந்தத் தொகையிலயே தெரியுது. அதான் இவ்வளவு நீளமா எழுத வேண்டியதாயிடுச்சு.

மூணாம் மாடி அண்ணாச்சி அடுத்த மாசம் லாப்ரடார் எடுக்கப் போறாராம். "இது புத்தியுள்ள சாதியாக்கும், கேட்டியளா"ன்னாரு. வீட்டுல பகல்ல ஆள் யாரு இருப்பாங்கன்னு கேட்டேன். இன்னும் பதில் வரலை.

பி.கு: நம்ம ஊர்ல ஆனியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை. பால்கனி டிரேயில வெறும் மண்ணு போட்டா சேறாயிரும். அடியில தென்னை நார்க்கழிவு ரெண்டு இஞ்ச் போட்டு மேல மண்ணு போடுங்க. ஈரத்தை இழுத்துக்கும், வாடையும் கம்மி. வாரம் ஒருக்கா மாத்தினா போதும்.