எட்டாயிரம் சுற்று

2007-இல் ஹோண்டா மலேசியா சிவிக் டைப் ஆர் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் இரண்டு லிட்டர் இஞ்சினில் டர்போ கிடையாது. 225 குதிரைச்சக்தி முழுவதும் கிடைப்பது நிமிடத்துக்கு 8,000 சுற்றில்தான். பழையது ஒன்றைத் தேடி வாங்கிவிட்டு, மூவாயிரத்திலேயே கியர் மாற்றி, "இழுக்கவே மாட்டேங்குது" என்று குறைபட்டுக்கொள்ளும் தம்பிகளை எனக்குத் தெரியும். அந்த இஞ்சின் விழித்துக்கொள்வதே ஆறாயிரத்தை நெருங்கும்போதுதான். வால்வுகளை இன்னும் உயரமாக, இன்னும் அதிக நேரம் திறக்கும் வேறொரு கேம் அப்போது வேலைக்கு வருகிறது. அதை மாற்றிவிடுவது எண்ணெயின் அழுத்தம். எண்ணெய் குறைந்தாலோ கெட்டுப்போனாலோ அந்த மாற்றமே நடக்காமல் போகலாம். ஆயிரக்கணக்கில் கொடுத்து எக்ஸாஸ்ட் மாட்டுகிறவர்கள் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்ப்பதில்லை! தண்ணீர் சூடேறிய பிறகும் எண்ணெய் சூடேறச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் முறுக்குவது இஞ்சினைத் தேய்க்கும் வேலை.

சரி, எங்கே முறுக்குவது? மூன்றாம் கியரை முழுதாக இழுத்தாலே நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர் வரம்பு உடைந்துவிடும். செமெலிங், மெர்போக் வழியாக தஞ்சோங் டாவாய் வரும் சாலையில் நெத்திலி, கருவாடு வாங்க வரும் குடும்பங்களும் மோட்டார் சைக்கிளில் போகும் பெரியவர்களும் இருக்கிறார்கள். ஆசை இருப்பவர்கள் காசு கட்டி, ஹெல்மெட் மாட்டி, செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகட்டும். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், எட்டாயிரத்தைத் தொட அங்கே தாராளமாக இடமிருக்கிறது.